ஆகாசத்திலிருந்து இறங்கியவனுக்கு நாலு முழம்

இழவு வீட்டில் முதல் அழுகை ஓய்ந்து, ஆண்கள் கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து மீலோ குடிக்க ஆரம்பித்திருக்கும் நேரமாகப் பார்த்து அந்த அக்கா வந்து சேருவார். கக்கத்தில் பழைய நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போவார். பொட்டலத்தைப் பிரித்து, முனையில் மஞ்சள் தொட்ட புது வெள்ளைத் துணியை எடுத்துச் செத்தவர் மேல் போர்த்துவார். அழமாட்டார். மார்பில் அடித்துக்கொள்ளமாட்டார். எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கும்பிடும்போது, அவர் மட்டும் கால்மாட்டில் நின்று பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். வெளியே வந்து, யாராவது மீலோ நீட்டினால் வாங்கிக் குடிப்பார்.

"நீங்க யாரு வழிக்கா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கோடி என்பது உறவுக்காரர்கள் போடுவது. பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று அதற்கு வரிசை உண்டு. முன்பின் தெரியாத ஒருத்தி உள்ளே நுழைந்து கோடி போட்டால் கேட்கத்தானே செய்வார்கள்?

"வழியெல்லாம் ஒண்ணும் இல்ல. துணி கொண்டாந்திருக்கேன்ல, அது போதும் லா."

எங்கள் ஜெலாப்பாங் தாமான் குடியிருப்பில் அவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் சம அளவில் பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சீனக் கிழவர் இறந்தபோதும் போய்ப் போர்த்திவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் குனிந்து வணங்கி, தங்கள் வழக்கப்படி கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பினார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் உடம்புக்கு முடியாதவர் வீட்டுக்கு மட்டும் அவர் போனால் சிக்கல். படுக்கையில் கிடந்த ஒரு பழைய லோரி டிரைவரைப் பார்க்க ஒரு நாள் போயிருக்கிறார். கதவைத் திறந்த மனைவி முதலில் பார்த்தது அக்காவின் முகத்தை அல்ல, கக்கத்தை. உள்ளேயிருந்து நோயாளியே குரல் கொடுத்திருக்கிறார்.

"நான் இன்னும் போகலக்கா."

"தெரியும் லா. ஆரஞ்சு கொண்டாந்தேன்."

மனுஷன் அதற்கப்புறம் எழுந்து நடமாடினார். 'யமனையே பார்த்துவிட்டேன், ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போய்விட்டான்' என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தார். அக்காவின் காதுக்கும் இது போனது. சிரித்தார். ஆனால் அதிலிருந்து நோயாளிகளைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார்.

நான் அப்போது ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளன். வாழ்க்கை முழுக்கக் கல்யாணப் பட்டு விரித்துக் காட்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை. அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எனக்கு வாடகை அறை. வயதுக்கு அவரை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் தாமான் முழுக்க அக்கா என்றதால் எனக்கும் அக்கா. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம், பிள்ளை இல்லை. கடைக்கு வந்தால் ஒரே சரக்குதான், வெள்ளை மல் துணி. முதலாளி அதை அடித்தட்டில் போட்டு வைத்திருப்பார். அக்கா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தூக்கிப் பிடித்து, இழை இழையாகப் பார்ப்பார். ஒரு முடிச்சு இருந்தாலும் திரும்பி வரும்.

"செத்தவங்க பாக்கவா போறாங்க?" என்று நான் சீண்டுவேன்.

"அவங்க பாக்கமாட்டாங்க. நான் பாத்துட்டேன்ல."

தீபாவளி முடிந்த ஒரு மழை நாள் மத்தியானம். கடையில் ஈ காக்கை இல்லை. அக்கா வந்தார். அன்றைக்கு மல் துணி கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்புகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்த ஒரு வெள்ளைத் துணி.

"இந்தக் கறை போவுமா தம்பி? சோப்பு போட்டா துணி கெட்டுடுமோன்னு பயமா இருக்கு."

நான் விரித்தேன். வழுவழுவென்று காற்றுப் போல் இருந்தது. இந்த ஊரில் விற்ற சரக்கில்லை. தொட்ட விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது, நைலான். அதுவும் பழைய காலத்து நெசவு.

"பட்டுதானே? எங்கம்மா பட்டுன்னுதான் சொன்னாங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். "பட்டுதான் அக்கா" என்றேன்.

அப்போதுதான் சொன்னார். சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பிறந்து வளர்ந்தவர். ஜப்பான்காரன் காலத்தின் கடைசி அது. மரம் சீவும் வேலை நின்றுபோய் எல்லோரும் மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். பசியைக்கூட மரவள்ளி தாங்கியது. துணிக்குத்தான் வழியில்லை. பெண்கள் சாக்கை வெட்டிக் கட்டினார்கள். வீட்டில் ஒரே சேலை. அம்மா வெளியே போனால் மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் ஒரு ராத்திரி குண்டு போடும் விமானம் ஒன்று மலையில் மோதி விழுந்தது. காலையில் கிழங்கு பிடுங்கப் போன இவருடைய அப்பாவும் இன்னும் இரண்டு பேரும், தோட்டத்து எல்லையில் இருந்த பெரிய காட்டு மரத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். கிளைகளின் மேல் வெள்ளையாக ஒரு கூடாரம். அதன் கயிறுகளில் ஒரு வெள்ளைக்காரன் தொங்கிக்கொண்டிருந்தான். உயிர் இல்லை.

அப்பாவுக்கு அவித்த கிழங்கு கொண்டுபோன அக்கா அதைப் பார்த்துவிட்டார். முகத்தைப் பார்க்க விடவில்லை, யாரோ கண்ணைப் பொத்திவிட்டார்கள். அதற்கு முன் கால்களைப் பார்த்தாகிவிட்டது. ஒரு காலில் பூட்ஸ். இன்னொரு காலில் வெறும் காலுறை.

"நீல ஸ்டாக்கிங் தம்பி. குதிகால்ல கிழிஞ்சு, பச்சை நூலால ஒட்டுப் போட்டிருந்துச்சு. பின்னல் மேல பின்னல். அவ்ளோ நேர்த்தி லா. யாரோ வெளக்கு வெளிச்சத்துல ஒக்காந்து செஞ்சிருக்காங்க. அம்மாவா, அக்காவா, பொண்டாட்டியா, தெரியல. அந்தக் கைக்காரிக்கு அவன் எங்க விழுந்தான்னு தெரியாதுல்ல? எனக்குத்தான் தெரியும்."

ஜப்பான்காரன் தேடிக்கொண்டு வருவான் என்ற பயத்தில், மூன்று பேரும் மரத்தடியிலேயே குழி வெட்டி அவனை அப்படியே புதைத்தார்கள். பாரசூட் துணியை மூன்றாகக் கிழித்துக்கொண்டார்கள். அதே மாதம் அக்கா வயதுக்கு வந்தார். சடங்குக்குச் சேலை கொண்டுவர வேண்டிய தாய்மாமனைச் சயாம் ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போனவர் போனவர்தான். அம்மா, பங்காக வந்த துணியில் ஒரு தாவணி அளவு வெட்டி, ஜப்பான்காரன் கண்டுபிடிக்காமல் இருக்க மஞ்சளில் தோய்த்து மகளுக்குக் கட்டிவிட்டார்.

"தாய்மாமன் சீர் எனக்கு ஆகாசத்துலேருந்து எறங்குச்சு" என்று சொல்லி அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏனென்றால் சடங்கு அன்றைக்கே அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். 'பொணத்துக்குக் கோடி போடாம மண்ணைத் தள்ளிட்டு, அவன் துணியிலயே எம்மவளுக்குச் சீர் செய்றேனே.' மிச்சத் துணியில் நாலு முழம் வெட்டி, சாயம் போடாமல், யாரும் உடுத்தாமல், அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்தார். நல்ல நேரம் பார்த்துக் குழியைத் தோண்டி அவன் மேல் போர்த்திவிட வேண்டும் என்பது எண்ணம். மறுநாளே ஜப்பான்காரன் தோட்டத்தைச் சல்லடை போட்டான். அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் ஆட்களால் மட்டுமே முடியக்கூடிய காரியம். துணியை எடுத்த மூன்று பேருக்கும் கனவில் வெள்ளைக்காரன் வர ஆரம்பித்தான். பயந்துபோய் மூன்று பேரும் அந்த இடத்தில் மூன்று கல் நட்டுக் கற்பூரம் கொளுத்தினார்கள். ஜப்பான்காரன் போனான், பழைய துரைமார்கள் திரும்பி வந்தார்கள், கல்லுக்குப் பக்கத்தில் சூலம் வந்தது. துரைமுனி என்று பெயரும் வந்தது. அக்காவின் அப்பாதான் முதல் பூசாரி. சுருட்டும் கறுப்பு பீரும் வைத்துப் படையல், வருஷத்துக்கு ஒரு கடா. தோட்டத்தில் நோய் வந்தால் துரைமுனி, மாடு தொலைந்தால் துரைமுனி.

அம்மா அந்த நாலு முழத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். அப்பா விரட்டிவிட்டார். 'சாமிக்கு யாராச்சும் கோடி போடுவாங்களா? தோட்டமே அழிஞ்சு போயிரும்.'

அது சரியான பேச்சுதான். சாமிக்குச் சிவப்புப் பட்டு கட்டலாம், பிணத்துக்குப் போடுகிற வெள்ளையைப் போட முடியாது. ஆக, கும்பிட்டுக் கும்பிட்டே அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய ஒரே துணியை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அம்மா சாகும்போது துணி மகளின் கைக்கு வந்தது. கூடவே அந்தக் கடமையும் வந்தது.

"அப்ப அவரு எனக்குப் பெரிய ஆளு. இப்ப நெனச்சுப் பாத்தா சின்னப் பையன் லா. இந்தக் கடையில வேலைக்கு நிக்கிற பையனுங்க வயசுதான் இருக்கும்."

எந்தப் பிணத்தையும் துணியில்லாமல் பார்க்க முடியாத வியாதி தனக்கு அப்போது பிடித்தது என்றார். கறையைப் போக்க எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

பிறகு தோட்டம் விற்றுப் போனது. ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். ஜனங்கள் ஊருக்குள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது, சாமியையும் பெயர்த்து லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று கல், சூலம், எல்லாம். சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு, இன்றைக்கும் துரைமுனி அங்கேதான் இருக்கிறார். தோட்டத்து ஆட்களுக்கு அதில் பெருமை. அக்காவுக்கு மட்டும் ஒரே கேள்வி. "சாமி எடம் மாறிட்டாரு. அந்தப் பையன் எங்க மாறுனான்?"

ஒரு வருஷம் அங்கே திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாமியாடியவர் அந்த ஊர்க்காரர், நல்ல ஆஜானுபாகுவான ஒரு லோரி டிரைவர். அருள் வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு பட்டாளத்து நடை நடந்தார். வாயில் சுருட்டு. கேட்பவர்களுக்கெல்லாம் "எஸ், எஸ், ஆல்ரைட்" என்று ஆங்கிலத்தில் பதில். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. அக்கா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கைகூப்பிக் கேட்டார்.

"ஒங்க ஸ்டாக்கிங்ல ஒட்டுப் போட்டது யாரு சாமி? அம்மாவா, அக்காவா?"

சாமி நடையை நிறுத்தியது. உறுமிப் பார்த்தது. அக்கா நகரவில்லை. கேலி செய்யவோ சோதித்துப் பார்க்கவோ அவர் வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த டிரைவர், வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, தன் சொந்தக் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"தெரியலக்கா."

அன்றைக்கு அதற்குமேல் சாமி வரவில்லை. டிரைவர் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பும் வழியில் செமோர் ஊரைத் தாண்டும்போது, என் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் இருந்த அக்கா என் தோளைத் தட்டினார். அப்புறம் சொன்னார். "பாவம் லா, அந்தத் தம்பி. அவருக்கு எப்படித் தெரியும்?"

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போ என்றார். நான் போனேன். செம்பனைத் தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு இருந்தவன் ஒரு வங்காளதேசத்துப் பையன். எதற்கு உள்ளே போக வேண்டும் என்று மலாயில் கேட்டான். தெரிந்த ஒருத்தர் இங்கே செத்துப்போனார், பார்க்க வேண்டும் என்று அக்காவும் மலாயில் சொன்னார். எப்போது என்று கேட்டான். ஜப்பான்காரன் காலத்தில் என்றார். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டான்.

உள்ளே அடையாளம் என்று ஒன்றும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. ஓடை வேறு பக்கம் திருப்பப்பட்டிருந்தது. பெரிய காட்டு மரத்தை எப்போதோ அறுத்துத் தள்ளியிருந்தார்கள். வரிசை வரிசையாகச் செம்பனை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை. அக்கா ஒரு வரிசையில் போவார், நின்று மலையைப் பார்ப்பார், இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார். மேட்டையும் பள்ளத்தையும்கூடச் சமம் செய்திருந்தார்கள். அவர் சேலை முந்தானை முழுக்க முள் மாட்டிக் கிழிந்திருந்தது.

எனக்குக் கால் வலி, பசி வேறு. "எல்லாம் ஒரே மண்ணுதானே அக்கா. இங்கயே எங்கயாச்சும் தோண்டிப் போட்டுடுவோம். அவருக்குச் சேராதா என்ன?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எங்கயாச்சும் போட்டா அதுக்குப் பேரு குப்பை லா."

துணியை நாலாக மடித்துத் திரும்பவும் பையில் வைத்தார். ஒரு செம்பனை அடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கில் எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, அரிசி வாங்கி வா என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"நான் போறப்ப என்னைய எரிச்சுடாதீங்க. துணி எரிஞ்சுடும். பொதைங்க. பொதைக்கறப்ப இதை என் மேல போடாதே, என் கையில குடு. நானே தேடிப் பாத்துக் குடுத்துக்கிறேன்."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

"ஒனக்கு யாரு இருக்கா? நீ போனா கோடி போட ஆளு வேணுமேன்னு பாக்கறேன்."

"நீங்க இருக்கீங்கள்ல."

"ஆமா லா. நான் இருக்கேன்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்பதை அப்போது நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர்தான் முந்திக்கொண்டார். அன்றைக்கு நல்ல மழை. அத்தனை வீட்டுக்குத் துணி சுமந்தவர், அவர் வீட்டில் கூட்டம் அலைமோதும் என்று நினைத்தேன். கூடாரத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தாமானில் பழைய ஆட்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள், இளசுகளுக்கு அவர் யாரென்று தெரியாது. புருஷன் வழியில் ஒரு மருமகன் கோலாலம்பூரிலிருந்து வந்து, குழிக்கு முதல் பிடி மண் போட நின்றான். காரியம் செய்ய வந்த பண்டாரம் வரிசைப்படி கூப்பிட்டார்.

"பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா? முன்னுக்கு வாங்க."

பிறந்த வீடு என்று யார் இருக்கிறார்கள்? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பண்டாரம் இன்னொரு தரம் கேட்டார். பிறகு, ஆளில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று கையை அசைத்தார். நான் கக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். நானே வாசல் வெளிச்சத்தில் இழை இழையாகப் பார்த்து எடுத்த மல் துணி.

"நீங்க என்னங்க ஒறவு?" என்றான் மருமகன்.

"துணி கொண்டாந்திருக்கேன்ல" என்றேன். போர்த்திவிட்டுக் கால்மாட்டில் நின்று, அவர் செய்வது போலவே பாதங்களைப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் வெடிப்பு.

அப்புறம் அவர் பையில் இருந்த அந்த நாலு முழத்தை எடுத்து அவர் கையில் வைக்கப் போனேன். பண்டாரம் தடுத்தார். "கையில துணி குடுக்கற வழக்கம் நம்மள்ட்ட இல்லங்க. மேல போடுங்க."

"இது இவங்களுக்கு இல்ல சாமி. இவங்க கொண்டுபோய் ஒருத்தருக்குக் குடுக்கணும்."

"யாருக்கு?"

"அவரு பேரு தெரியாது."

பண்டாரம் அந்தப் பழுப்புத் துணியையும் என்னையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, கொஞ்சம் மஞ்சள் எடுத்துத் துணியின் முனையில் அவரே தொட்டு வைத்தார். விறைத்திருந்த விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியை உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. கடை கைமாறிவிட்டது. அதே வாடகை அறை. அலமாரியில் எனக்கென்று ஒரு மல் துணி வாங்கி வைத்திருக்கிறேன், போர்த்துவதற்கு ஆள்தான் தெரியவில்லை. மலைப்பக்கம் போன யாரோ காட்டுக்குள் துருப்பிடித்த விமான இறக்கை ஒன்றைப் பார்த்ததாகக் காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். யாருடைய விமானம், எத்தனை பேர் இருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஒருவனுடைய காலுறையின் நிறம் எனக்குத் தெரியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சில நாள் மாலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு இடுகாட்டுப் பக்கம் போவேன். அவர் மேட்டில் புல்லைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். துணிக்காரன் புத்தி எங்கே போகும்? நான் போர்த்திய மல் துணியை மண் எப்போதோ தின்றிருக்கும். பட்டும் மண்ணுக்கடியில் தாக்குப்பிடிக்காது. அந்த மழை நாளில் பட்டு என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். அது நைலான் அக்கா, நைலான் மக்காது. இந்நேரம் உங்கள் மேல் ஒன்றும் மிச்சம் இருக்காது, ஆனால் கையில் அந்த நாலு முழம் அப்படியே இருக்கும். நீங்கள் அவசரப்படாமல் தேடலாம்.